ஊர்ப் பழங்கோயிலை எந்தத் துறையின் கையில் கொடுப்பது?

காவிரிப் படுகையிலும் தென்பெண்ணைக் கரையிலும் இப்படி ஒரு கோயில் இல்லாத வட்டாரம் அரிது. கருவறையும் அர்த்தமண்டபமும் கருங்கல். மேலே செங்கல்லும் சுதையுமாக விமானம், அதன் தோளில் வேர்விட்ட அரசங்கன்று. அடித்தளத்தின் குமுதத்திலும் பட்டிகையிலும் சோழர் கால எழுத்து, அதில் பாதி சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கிறது. மழை பெய்தால் கருவறைக்குள் சொட்டும். ஒரு வேளைப் பூசை நடக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம். ஊரில் நாலு பேர் கூடி, இனி இதை இப்படியே விடக் கூடாது என்று முடிவெடுத்ததும் எழும் முதல் கேள்வி, மனுவை யாருக்கு எழுதுவது என்பதுதான்.

தமிழ்நாட்டில் அதற்கு மூன்று வாசல்கள் உண்டு. மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, இந்து சமய அறநிலையத் துறை. யாரிடமும் போகாமல் ஊரே பணம் வசூலித்துக் கட்டுவது நான்காவது. பெரும்பாலும் இந்த நான்காவதுதான் நடக்கிறது, பழைய கோயில்கள் அழிவதும் இதில்தான் அதிகம்.

எந்தத் துறையில் பணம் அதிகம் என்று பார்த்து வாசலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிறகு ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு சட்டமும் எதைக் காக்க எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நினைவுச்சின்னத்தை, அதாவது கல்லையும் கட்டடத்தையும், காக்க வந்தது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் வழிபாட்டையும் கோயில் சொத்தையும் நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்த வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இந்த இரண்டு சட்டங்களும் ஒரே கோயிலைப் பார்க்கும்போது ஒன்றின் கண்ணில் படுவது மற்றதன் கண்ணில் படாது. நம் ஊர்க் கோயிலில் எது அழிந்தால் மீட்கவே முடியாது என்று தெரிந்துகொண்டால் வாசலும் தெரிந்துவிடும்.

மத்தியத் தொல்லியல் துறை

பலரும் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். நீலப் பலகை, காவலாளி, புல்தரை என்று மாமல்லபுரம் மனதில் வரும். ஆனால் நுழைவது மிகக் கடினம். நூறு ஆண்டுக்குக் குறையாத பழமை என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதிதான். அதற்கு மேல் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று துறை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்டவை நானூற்றுச் சொச்சம். நாடு முழுக்கச் சுமார் 3,700. இவற்றில் பெரும்பகுதி சுதந்திரத்துக்கு முன்பே பட்டியலில் ஏறிவிட்டது. புதிதாகச் சேருபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

நடைமுறை இதுதான். அறிவிக்க உத்தேசித்திருப்பதாக அரசிதழில் மத்திய அரசு முதலில் ஓர் அறிவிக்கை வெளியிடும். அதன் நகலைக் கோயிலருகே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம். அவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை. அந்த இரண்டு மாதத்தில் ஊரார் அந்தத் தாளைப் படிப்பதே இல்லை. பிறகு வீடு கட்டப் போகும்போதுதான் அதில் என்ன இருந்தது என்று தெரிய வருகிறது.

2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தூரத்தை விமானத்திலிருந்து அளப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அறிவிக்கையில் குறித்த பாதுகாப்பு எல்லையின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். திருச்சுற்றும் குளமும் எல்லைக்குள் இருந்தால் அளவு அங்கிருந்துதான் தொடங்கும்.

கணக்குப் போட்டால் இதன் பாரம் புரியும். கோயிலை வெறும் ஒரு புள்ளியாக வைத்தாலே 100 மீட்டர் வட்டம் ஏறக்குறைய 7¾ ஏக்கர், 300 மீட்டர் வட்டம் ஏறக்குறைய 70 ஏக்கர். கோயிலைச் சுற்றியே தெருக்கள் அமைந்த ஊரில் சன்னதித் தெரு, மடவிளாகம், கடைத்தெரு எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தையும், பின்னர் முறையான அனுமதி பெற்றுக் கட்டியதையும் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதற்கும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட முடியாது. ஓட்டுவீட்டுக்காரர் ஓட்டை மாற்றிக்கொண்டு காலம் தள்ளலாம். குடிசையில் இருப்பவருக்கு அந்த வழியும் அடைபடுகிறது. காலி மனையும் குடிசையும் வைத்திருப்பவர்கள் தலையில்தான் இந்தச் சட்டத்தின் சுமை அதிகம் விழுகிறது. ஊர் சார்பில் மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாடிவீட்டுக்காரர்கள். கையெழுத்து வாங்கும் முன் அந்த 100 மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இதைச் சொல்வது நேர்மை.

அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், ஆனால் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை உரிய அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும். எல்லாம் கெடுவுக்குள் நடந்தாலே மூன்றரை மாதம். மனை வரைபடமும் தூர அளவும் சரியாக இல்லாமல் திருப்பி அனுப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வழிபாட்டைப் பொறுத்தவரை, அறிவிக்கும் நாளில் பூசை நடந்துகொண்டிருந்தால் அது தொடரும். நடக்காமல் இருந்தால் பிறகு தொடங்கத் துறை ஒப்பாது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் இதற்கு நல்ல பாடம். மூலவர் இல்லாமல் நெடுங்காலம் வெறும் சின்னமாக இருந்த அந்தக் கோயிலுக்கு 1981 மார்ச்சில் ஊரார் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்து வழிபாட்டைத் தொடங்கிவிட்டார்கள். ஊரே திரண்டதால் அது நிலைத்தது. துறையின் விதி மாறவில்லை. ஆகவே பூசை நின்றுபோன கோயிலில் என்றாவது விளக்கேற்றும் எண்ணம் ஊருக்கு இருந்தால், இந்த வாசலைத் தட்டும் முன்பே அதை முடிவு செய்தாக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கட்டடம் மத்தியத் தொல்லியல் துறையிடம், பூசையும் நிர்வாகமும் அரண்மனை தேவஸ்தானத்திடமும் அறநிலையத் துறையிடமும். வழிபாடு நடப்பதால் நுழைவுச்சீட்டு இல்லை. மாமல்லபுரத்தில் உள்நாட்டவருக்கு 40 ரூபாய். 2020 பிப்ரவரி 5 அன்று தஞ்சையில் குடமுழுக்கும் நடந்தது. ஆக, கல்லும் பூசையும் ஒரே இடத்தில் வாழ முடியும். ஆனால் பந்தல் போட, விளக்கு கட்ட, மேடை அமைக்க என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று அலுவலகம் ஏற வேண்டும். பந்தலுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று சலித்துக்கொள்கிறவர்கள் 1997 ஜூனில் அதே கோயிலின் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைக்க வேண்டும். தஞ்சைக்கு அலுவலகம் ஏற ஆள் இருக்கிறது. இருபது வீடு உள்ள ஊருக்கு இருக்காது.

பட்டியலில் ஏறிவிட்டால் கவலையில்லை என்பதும் உண்மையல்ல. 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நேரில் பார்க்கப் போனவற்றில் 92 சின்னங்களைக் காணவே இல்லை என்றது. பின்னர் அவற்றில் பல கண்டுபிடிக்கப்பட்டன. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து எடுக்கும் முடிவைத் துறையே அறிவித்தது. நகரம் விழுங்கியவையும், இருந்த இடம் தெரியாதவையும் அதில் உண்டு. தனி ஊழியர் இல்லாத சின்னத்துக்குப் பலகைதான் காவல்.

இத்தனையும் சொன்ன பிறகும், வேலையின் தரத்தில் இந்தத் துறைக்கு ஈடில்லை. கழன்ற கல்லை எண்ணிட்டு இறக்கி அதே இடத்தில் ஏற்றுவது, ஓவியத்தின் மேல் படிந்த புகையை ஓவியத்துக்கு ஊறுபடாமல் எடுப்பது, பழைய சாந்தைச் சோதித்து அதே கலவையில் புதிது சேர்ப்பது என்று அங்கே கை பழகியவர்கள் இருக்கிறார்கள்.

மாநிலத் தொல்லியல் துறை

1961இல் தொடங்கிய துறை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசிய முக்கியத்துவம் என்ற படியைத் தாண்டாதவற்றைக் காக்கிறது. மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை, தரங்கம்பாடி டேனிசுக் கோட்டை, இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் எல்லாம் இதன் கையில். பாதுகாக்கப்பட்டவை மொத்தம் நூறை ஒட்டித்தான் இருக்கும். துறை சிறியது. நிதியும் கவனமும் அகழாய்வுப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. கீழடிக்குப் பிறகு அது இன்னும் கூடியது.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மனு தமிழில் போகும், தமிழில் பதில் வரும், நேரில் வந்து பார்க்கும் தொல்லியல் அலுவலருக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியும். பாதுகாப்பு அறிவிப்பு கிடைக்காவிட்டாலும், கல்வெட்டைப் படியெடுக்க வாருங்கள் என்று கேட்டால் வருகிற வாய்ப்பு அதிகம். ஒரு கல்வெட்டுக்கு அதன் மைப்படியும் (தாளில் மை ஒற்றி எடுக்கும் நகல்) அச்சேறிய வாசகமும்தான் இரண்டாவது உயிர். கல் போனாலும் செய்தி நிற்கும்.

பூசை நின்று ஒரு தலைமுறைக்கு மேலாகி, சுற்றிலும் வயலோ புறம்போக்கோ இருக்கும் கற்றளிக்கு, அதாவது கல்லால் கட்டிய கோயிலுக்கு, இந்த வாசல்தான் பொருத்தம். குடைவரை, சமணப் படுக்கை, நடுகல், தனியே நிற்கும் மண்டபம் இவற்றுக்கும் அப்படியே.

அறநிலையத் துறை

ஏதோ ஒரு காலத்தில் ஊர்ப் பொதுவாக இருந்த கோயில் என்றால், அது ஏற்கெனவே இந்தத் துறையின் பட்டியலில் இருக்க வாய்ப்பு மிகுதி. ஊருக்கே தெரியாமல் கூட இருக்கும். ஆகவே முதல் வேலை, உதவி ஆணையர் அலுவலகத்தில் கோயில் பெயரையும் வட்டத்தையும் சொல்லிப் பதிவேட்டைப் பார்ப்பது. ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்கு மேல் உள்ளவை சட்டத்தின் 46ஆம் பிரிவில் மூன்று படிகளாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். அதற்குக் கீழே இருப்பவை 49ஆம் பிரிவில் வரும். துறையின் கோயில்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான். பழனியும் சமயபுரமும் செய்தியில் வருவதால் துறை என்றாலே பணம் என்று தோன்றுகிறது. கல்வெட்டு நிறைந்த பல கோயில்களுக்கு வருமானம் ஒரு மாத எண்ணெய்ச் செலவுக்குக்கூடக் காணாது.

அப்படிப்பட்ட கோயில்களுக்கு இரண்டு உதவிகள் முக்கியம். ஒன்று, ஒரு கால பூசைத் திட்டம். கோயில் பெயரில் ஒரு தொகையை வைப்பு வைத்து, அதன் வட்டியில் விளக்கும் நைவேத்தியமும் நடக்கும். முன்பு ஒரு லட்சமாக இருந்த தொகை பின்னர் படிப்படியாக உயர்ந்தது. அர்ச்சகருக்கு மாதம் 1,000 ரூபாயில் தொடங்கிய ஊக்கத்தொகையும் சேர்ந்தது. தொகை சிறிதுதான். ஆனால் கதவை ஒருவர் தினமும் திறக்கிறார். வௌவால் குடியேறாது, மழைநீர் தேங்கினால் அன்றே தெரியும், சிலை போனால் மறுநாளே தெரியும். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. இரண்டாவது, கிராமப்புறக் கோயில் திருப்பணி நிதியுதவியும் பொதுநல நிதியும். மீதி உபயதாரர்களிடமிருந்து வர வேண்டும்.

திருப்பணிக்குப் பாதை நீளம். ஸ்தபதியும் பொறியாளரும் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். அது மண்டல வல்லுநர் குழுவுக்கும், பிறகு மாநில வல்லுநர் குழுவுக்கும் போகும். அந்தக் குழுக்களில் ஆகமம், தொல்லியல், கட்டடப் பொறியியல் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒப்புதல் வந்த பிறகு பாலாலயம் (வேலை முடியும் வரை சாமியைத் தற்காலிக இடத்தில் வைத்து வழிபடுவது), பிறகு வேலை, கடைசியில் குடமுழுக்கு. இந்தக் குழுக்களைத் தாமதம் என்று நினைத்துச் சுற்றிப் போக முயல்கிறவர்கள் உண்டு. பழைய கோயிலுக்கு இருக்கும் ஒரே தடுப்பு அதுதான். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில் பாதுகாப்பு குறித்து 75 உத்தரவுகள் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இந்தத் தடுப்புக்கு வலு கூடியிருக்கிறது.

இந்தத் துறைமேல் இருக்கும் பழைய குற்றச்சாட்டு நியாயமானதே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம், ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாகச் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியாகிவிடுகிறது. உபயதாரருக்குக் கண்ணில் தெரியும் வேலை வேண்டும். கூரையில் நீர்க்கசிவை அடைத்தால் அவர் பெயர் எங்கே இருக்கும்? ஆகவே கிரானைட் தளம், கண்ணாடி ஓடு, எவர்சில்வர் கம்பி, பளபளக்கும் எனாமல் வண்ணம். இவை ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன என்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து தொடங்கலாம். பழைய தளம் மேடுபள்ளம் என்று அதன் மேலேயே காங்கிரீட் கொட்டிக் கிரானைட் பதிக்கிறார்கள். தரை அரையடி உயர்கிறது. அடித்தளத்தின் முதல் உறுப்பான உபானம் மறைகிறது. அடுத்த திருப்பணியில் இன்னொரு அரையடி, ஜகதியும் பாதி போகிறது. அங்கே வெட்டிய வரிகள் சிமென்ட்டுக்குள் புதைகின்றன. அதோடு வெளிச்சுற்று உள்தரையைவிட உயர்ந்துவிட்டால் மழைநீர் உள்ளே பாயும், கருவறை குட்டையாகும்.

சுத்தம் செய்வது அடுத்தது. மணலைக் காற்றழுத்தத்தில் வீசி அடிக்கும் சேண்ட் பிளாஸ்டிங் செய்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒரே நாளில் போகும், கல் புதுசாக மின்னும். அதோடு கல்லின் மேல்தோலும் உளி வைத்த தடமும் போகும். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் ஒற்றைக் கொம்பும் காலும் பிரித்தறிய முடியாது, மைப்படியில் வெறும் குழிதான் விழும். நீதிமன்றமும் துறையும் இதைத் தடுத்த பிறகும் ஒப்பந்தக்காரர் கம்பிரசரோடு வந்து நிற்கும் ஊர்கள் இருக்கின்றன. எண்ணெயும் சுண்ணாம்பும் படிந்த கல்லுக்கு வெந்நீர், மென்மையான நார்த் தூரிகை, பொறுமை. வேறு எதுவும் வேண்டாம்.

சிமென்ட் எல்லாவற்றிலும் மோசம். பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூக்கும், சில மழைக்காலத்தில் பூச்சு பழைய சுதையையும் பிய்த்துக்கொண்டு தகடாக விழும். சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும் என்பதுதான் ஒப்பந்தக்காரரின் குறை. கல் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, மணலை ஒன்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டுக் குழைத்து, பூசிய பிறகும் வாரக்கணக்கில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு இத்தனை சதுர அடி என்று கணக்குப் பார்க்கும் ஒப்பந்தத்தில் இது அடங்காது. மதிப்பீட்டிலேயே சுண்ணாம்புக் காரை என்று தனி இனமாக எழுதி, அதற்கான நாளையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் சிமென்ட்தான் வரும்.

கூரைக்கும் அதே. ஒழுகினால் மேலே ஒரு சிமென்ட் தளம் என்று ஏற்றிக்கொண்டே போனால் கற்பலகையும் உத்தரமும் பாரம் தாங்காமல் விரிசல் விடும். பழைய அடுக்கைப் பெயர்த்து எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசு இடித்து, மேலே இரண்டு வரி தட்டோடு பதித்து, நீர் கோமுகத்துக்கு ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். விமானத்து அரசமரத்தைக் கிளையோடு வெட்டினால் வேர் இன்னும் தடித்து அடுத்த ஆண்டு இரட்டையாக முளைக்கும். தண்டில் மருந்து செலுத்தி வேர் செத்த பிறகு, அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்து வேரை எடுத்து மறுபடி கட்டுவதுதான் வழி.

இத்தனை குற்றம் சொன்னதோடு நிறுத்தினால் அநியாயம். திருவரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. கும்பகோணம் பக்கம் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கும் 2024இல் அந்த விருது வந்தது. மரம் முளைத்துச் சிதிலமான கோயில் அது. இரண்டும் அறநிலையத் துறைக் கோயில்கள். ஸ்தபதியும் பொறியாளரும் கல்வெட்டு அறிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இந்தத் துறையிலேயே உலகம் மெச்சும் வேலை நடக்கிறது.

ஊரே செய்வது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உழவாரப் பணி, களை எடுத்தல், குப்பை அள்ளுதல், ஒட்டடை அடித்தல், விளக்கேற்றுதல் எல்லாம் ஊர் தாராளமாகச் செய்யலாம், செய்ய வேண்டும். ஜேசிபி வந்தால் நிறுத்த வேண்டும். பழைய கல்லை இடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு அதே இடத்தில் காங்கிரீட் கோயில் எழுப்பும் ஊர்களில் கல்வெட்டுப் பலகை துணி துவைக்கவும் வாய்க்கால் பாலமாகவும் போய்க்கிடக்கிறது. அடித்தளம் தோண்டும்போது செப்புத் திருமேனி கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி உடனே வட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். ஊர் ஒற்றுமை உடைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எந்த நிலைக்கு எது

பூசை நடக்கிறது, சுற்றி வீடுகள், சின்ன வருமானம் என்றால் அறநிலையத் துறையிலேயே இருங்கள். ஒரு கால பூசைத் திட்டத்தில் சேருங்கள், திருப்பணி மதிப்பீட்டை வரிவரியாகப் படியுங்கள். மாநிலத் தொல்லியல் துறையைப் படியெடுக்க மட்டும் அழையுங்கள். பத்தில் எட்டு ஊருக்கு இதுவே சரி என்பது எங்கள் முடிவு.

பூசை நின்றுவிட்டது, திரும்பத் தொடங்க ஊரில் யாரும் இல்லை, சிற்பமோ ஓவியமோ எழுத்தோ இருக்கிறது என்றால் மாநிலத் தொல்லியல் துறை. பூசை நின்றிருந்தாலும் தொடங்க ஆள் இருக்கிறது என்றால், முதலில் அறநிலையத் துறை வழியே விளக்கை ஏற்றிவிட்டு, பிறகு தொல்லியல் துறையைப் பற்றி யோசியுங்கள். வரிசை மாறினால் வழி அடைபடும்.

சோழர், பல்லவர் தொடக்கக் காலக் கற்றளி, பழைய ஓவியம், வேறெங்கும் இல்லாத அமைப்பு என்று அறிஞர் உலகம் ஏற்கெனவே எழுதியிருக்கும் கோயில், அதோடு 100 மீட்டருக்குள் குடியிருப்பும் குறைவு என்றால் மட்டும் மத்தியத் துறை. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

செப்புத் திருமேனிகள் தனிக் கணக்கு. எந்த வாசலில் போனாலும், கோயிலில் காவல் இல்லையென்றால் அவற்றை அறநிலையத் துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். ஊருக்கு வலிக்கும். உற்சவருக்குத் தேர் இருந்தும் தேரில் ஏறச் சாமி இல்லாமல் போகும். திருவிழா நாளில் காவல்துறைத் துணையோடு எடுத்துவரும் ஏற்பாட்டை ஒப்படைக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுக்காமல் வைத்திருப்பதன் ஆபத்து சிறிபுரந்தானில் தெரிந்தது. பூசை அற்றுப்போயிருந்த அந்த அரியலூர் மாவட்டக் கோயிலின் நடராசர் திருடுபோய், 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கும் வரை சென்றது. 2014இல் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம் பெரிய துணை.

ஆகவே மனு எழுதும் முன் கேமராவை எடுங்கள். அடித்தளத்தின் நான்கு பக்கத்தையும் வடகிழக்கு மூலையிலிருந்து வலமாக, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததில் வரும்படி, அளவுகோல் ஒன்றை வைத்து எடுக்க வேண்டும். நண்பகலில் எடுத்தால் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது தெரியும், இல்லாவிட்டால் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தின் மேல் மாவோ சாக்கட்டியோ தேய்க்காதீர்கள். ஒவ்வொரு திருமேனியையும் முன், பின், பீடத்தின் அடி என்று மூன்று படம். பீடத்தின் அடிதான் பின்னாளில் அடையாளம் காட்டும். உயரமும் எடையும் குறியுங்கள்.

பிறகு தாள்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண், அ-பதிவேட்டில் நிலம் யார் பெயரில் என்பதன் நகல், புலப்பட வரைபடம். கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் 1887 முதல் வந்திருக்கின்றன. ஊர்ப் பெயரை, பழைய பெயரையும் சேர்த்து, அவற்றில் தேடுங்கள். எண் கிடைத்தால் மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். "மிகப் பழமையான கோயில்" என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு எண்ணுக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம். அந்தப் பதிவில் இருந்து இப்போது கோயிலில் இல்லாத கல்வெட்டு எது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குறியுங்கள்.

மனுவை அறநிலையத் துறை இணை ஆணையருக்கோ தொல்லியல் ஆணையருக்கோ பதிவு அஞ்சலில் அனுப்பி, நகலை ஆட்சியருக்கும் வையுங்கள். படங்களை மூன்று பேர் தனித்தனி இடத்தில் வைத்திருக்கட்டும். பாலாலயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால், தரையும் சுவரும் படமாகி முடியும் வரை ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம் என்று ஸ்தபதியிடம் கேளுங்கள். நல்ல ஸ்தபதிகள் அதற்கு ஒரு வாரம் காத்திருப்பார்கள்.